கண்ணாடி ரூமும் என் மொட்டைத் தலையும்

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட என் நகத்தை அவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை. ஸ்ரீபெரும்புதூர் தாண்டி பெங்களூர் சாலையோரம் இருந்த எங்கள் கம்பெனியில் அது தினமும் காலையில் நடந்தது. ஷிப்ட் தொடங்கும் முன் வரிசையில் நின்று இரண்டு கைகளையும் நீட்ட வேண்டும். சூப்பர்வைசர் மேடம் ஒவ்வொரு விரலாகப் பார்ப்பார். நகத்துக்கு அடியில் அழுக்கு இருக்கிறதா, நகக்கண்ணில் தோல் உரிந்திருக்கிறதா, மருதாணி வைத்திருக்கிறாளா. அப்புறம் கழுத்து, காதுக்குப் பின்னால், புருவம். தொப்பிக்கு வெளியே ஒற்றை முடி தெரிந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார். பல்லைப் பிடித்துப் பார்க்காததுதான் பாக்கி.

1991ஆம் வருஷம் அது. எனக்கு இருபத்தோரு வயது. வல்லக்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ் பிடித்து வேலைக்குப் போவேன். அந்த வருஷம் மே மாதத்தில் எங்கள் வட்டாரத்தின் பெயர் உலகத்துக்கே தெரிந்துபோயிற்று. அதற்குப் பிறகு பஸ்ஸை நிறுத்திப் போலீஸ்காரர் எங்கள் டிபன் பாக்ஸைக்கூடத் திறந்து பார்த்தார். டிபன் பாக்ஸைப் போலீஸும் மீதியை மேடமும் பார்த்து முடித்த பிறகு எங்களிடம் மறைக்க எதுவும் மிச்சமில்லை என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

நாங்கள் செய்தது ரிலே. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்குப் போகிற சாமான், தீப்பெட்டியைவிடச் சின்னது. உள்ளே மெல்லிய இரண்டு தகடுகள், அவற்றின் நுனியில் வெள்ளி. இரண்டு வெள்ளியும் தொட்டால் பேச்சு போகும். நடுவில் ஒரு தூசி விழுந்துவிட்டால், டில்லியில் இருப்பவர் பேசுவது பம்பாயில் இருப்பவருக்குக் கேட்காது என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். எங்கள் ஊரில் ஒரு வீட்டிலும் டெலிபோன் கிடையாது. ஆனாலும் டில்லிக்காரர் பேச்சு தடைப்படக் கூடாதே என்று நாங்கள் பூ வைத்துக்கொள்வதை விட்டோம்.

பூ மட்டுமா? பவுடர் கூடாது. முகத்துக்கு மஞ்சள் கூடாது. கண்மை கூடாது. தலைக்கு எண்ணெய் கூடாது, எண்ணெய் தொப்பியில் இறங்கி அங்கிருந்து கைக்கு வருமாம். ஸ்டிக்கர் பொட்டுக்குத் தடை வந்ததற்குத் தனிக் கதை உண்டு. சீல் வைத்து அனுப்பிய ஒரு ரிலே வேலை செய்யவில்லை என்று திரும்பி வந்தது. உடைத்துப் பார்த்தால் உள்ளே ஒரு சின்ன அரக்குப் பொட்டு, ஒட்டினது ஒட்டினபடி அழகாக உட்கார்ந்திருந்தது. அது யாருடைய நெற்றியிலிருந்து விழுந்தது என்று கண்டுபிடிக்க ஒரு மீட்டிங் போட்டார்கள். பாதிப் பேர் அதே நிறப் பொட்டு வைப்பவர்கள் என்பதால் குற்றவாளி அகப்படவில்லை.

இவ்வளவும் எதற்கென்றால், கண்ணாடி ரூமுக்குள் போவதற்கு. கம்பெனி அதற்கு ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயர் வைத்திருந்தது, நாங்கள் கண்ணாடி ரூம் என்போம். நாலு பக்கமும் கண்ணாடி, உள்ளே ஏ.சி., ஒவ்வொரு நாற்காலிக்கு முன்னாலும் ஒரு மைக்ராஸ்கோப். இத்தனை கேலி செய்கிறேனே, ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்த ரூம் பிடித்திருந்தது. கண்ணை மைக்ராஸ்கோப்பில் வைத்து, இடுக்கியால் தகட்டை மெல்ல வளைத்து, இரண்டு வெள்ளி முனையும் சரியாகப் போய்த் தொடுவதைப் பார்க்கும்போது எனக்கு வந்த சந்தோஷம் வேறு எதிலும் வந்ததில்லை. அந்த நாற்காலி எனக்கு வேண்டும் என்று ஆசைப்பட்டேன். நாங்கள் எல்லாரும் அப்போது ட்ரெயினிங். அது முடியும்போது கண்ணாடி ரூமில் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்கள்தான் பர்மனென்ட். வெளியே கம்பி சுற்றுகிற வைண்டிங்கிலும் பேக்கிங்கிலும் இருப்பவர்கள் கான்ட்ராக்ட், என்றைக்கு வேண்டுமானாலும் வீட்டுக்கு அனுப்பலாம்.

அந்தச் சமயம் பார்த்து ரிலேக்கள் கூட்டம் கூட்டமாகத் திரும்பி வர ஆரம்பித்தன. இந்தத் தடவை பொட்டு இல்லை. உள்ளே வெள்ளையாக ஏதோ துகள். குவாலிட்டி சார் அதை மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, மனிதத் தோல் என்று தீர்ப்புச் சொன்னார்.

குவாலிட்டி சார் மெட்ராஸிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருபவர். முருக பக்தர். நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டுதான் வருவார், பூசிக்கொண்டுதான் கண்ணாடி ரூமுக்குள்ளும் நுழைவார். எங்கள் முகத்துப் பவுடர் தூசி. அவர் நெற்றி விபூதி தூசிக் கணக்கில் வராது. அவர் எங்களை உட்காரவைத்து ஒரு வகுப்பு எடுத்தார். பெரிய சார்ட் ஒன்றைத் தொங்கவிட்டார். அதில் ஒரு துண்டுத் தோலைக் கேக் வெட்டுவதுபோல வெட்டிக் காட்டியிருந்தது. மேல்தோல், அதற்கு அடியில் அடித்தோல், அதற்கும் அடியில் கொழுப்பு. நடுவில் ஒரு முடி ஆழமாக இறங்கி, அடியில் சின்ன வெங்காயம்போல் வேர் வைத்திருந்தது. பக்கத்தில் எண்ணெய்ச் சுரப்பி.

"நம்ம கண்ணுக்குத் தெரியுதே, அது டெட் ஸ்கின். செத்த தோல். அடியில புதுசு முளைச்சு தள்ளத் தள்ள மேல இருக்கிறது உதிரும். முடியும் டெட். நகமும் டெட். உயிர் இருக்கிறது வேர்ல மட்டும்தான்" என்றார்.

என் பக்கத்து நாற்காலிக்காரி என் ஊருக்கு அடுத்த ஊர்க்காரி. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டாள். "செத்துப்போனதுக்கா சார் இத்தினி வருசமா எண்ணெ தேச்சிக்கினு இருந்தோம்?" என்று கேட்டாள்.

"அதனாலதான் வேண்டாங்கறேன். உதிர்றதெல்லாம் எங்க போகுது? ரிலேக்குள்ள போகுது."

"உங்குளுக்கும் உதிருமா சார்?"

"எல்லாருக்கும் உதிரும்" என்று சொல்லிவிட்டு அவர் அவசரமாக அடுத்த சார்ட்டுக்குப் போனார்.

அடுத்த சார்ட் முழுவதும் வியாதி. பொடுகு, தேமல், படர்தாமரை, சொறி, சிரங்கு, சேற்றுப்புண். எல்லாம் கலரில். பார்த்த மாத்திரத்தில் எங்களுக்கெல்லாம் உடம்பு அரிக்க ஆரம்பித்துவிட்டது. உண்மையில் யாருக்கு ஒன்றும் இல்லை? லீவு நாளில் நாற்று நடப் போனவளுக்குக் கால் விரல் இடுக்கில் சேற்றுப்புண். இன்னொருத்திக்குப் பாவாடை நாடா இறுக்குகிற இடத்தில் படர்தாமரை. நகச்சுற்றுக்கு விரலில் எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கொண்டே வந்த ஒருத்தியை, பழத்தை கேட்டில் வைத்துவிட்டு வரும்படி மேடம் அனுப்பியிருந்தார். சார் எங்கள் முகங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். தலையில் செதில் உதிர்கிறவர்களுக்கும் தோல் வியாதி உள்ளவர்களுக்கும் இனிமேல் கண்ணாடி ரூமில் இடமில்லை. வருகிற வாரம் டெஸ்ட். ஒவ்வொருத்தியும் ஒரு கறுப்புத் துணியின் மேல் குனிந்து தலையை உதற வேண்டும்.

எண்ணெய் வைக்காதே என்று சொன்னதும் அவர்கள், வறண்ட தலையில் என்ன உதிர்கிறது என்று பார்ப்பதும் அவர்கள். எல்லாருக்கும் கொஞ்சம் உதிரும்; அதைச் சீப்பால் வாரி, தலைக்குக் குளித்துச் சமாளித்துவிடலாம். என் கதை அப்படியில்லை.

என் தலையில் அது காதுக்கு மேலே முடிக்குள்தான் முதலில் வந்தது. சிவந்த திட்டு, அதன் மேல் வெள்ளி மாதிரி செதில். ஒரு செதிலை எடுத்தால் அடியில் இன்னொன்று தயாராக இருக்கும். மெல்ல மெல்ல உச்சந்தலை வரை போய்விட்டது. பொடுகு என்று அம்மா சொன்னாள், நானும் நம்பினேன். வெந்தயத்தை அரைத்துப் பூசினோம். பொடுதலைச் சாறு பிழிந்து தேய்த்தோம். சின்ன வெங்காயம் தேய்த்ததில் பஸ்ஸில் என் பக்கத்து சீட் எப்போதும் காலியாக இருந்தது, அது ஒன்றுதான் பலன். எங்கள் தெருவில் ஆளுக்கொரு வைத்தியம் வைத்திருந்தார்கள். அவர்கள் எல்லாருடைய தலையும் நன்றாக இருந்ததால் மருந்தைச் சோதித்துப் பார்க்க என் தலையை விட்டால் வேறு தலை கிடைக்கவில்லை.

நகமும் அப்போதே ஒரு மாதிரி ஆகியிருந்தது. சின்ன வயதில் செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் கொக்குக் கூட்டம் பறக்கும்போது விரலை உரசி, பூ போடச் சொல்லிக் கத்துவோம். நகத்தில் வெள்ளைப் புள்ளி விழுந்தால் கொக்கு பூ போட்டுவிட்டது என்று குதிப்போம். இது அந்தப் பூ இல்லை. குண்டூசியால் குத்தியதுபோல் நகமெங்கும் குழி. மேடம் ஒருநாள் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். ஊசி வேலை செய்தேன் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

டெஸ்ட் வருகிறது என்று அம்மாவிடம் சொல்லி அழுதேன். அம்மா அழுகிற ஜாதி இல்லை. முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே யோசித்தாள்.

"பேசாம முடி குடுத்துடு" என்றாள்.

"எந்த முடிம்மா?"

"தலைல கீற முடிதான். வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போயி மொட்டை போட்டுக்கோ. வேண்டுதல்னு சொல்லு. சாமி காரியத்த எவன் கேப்பான்?"

"மொட்டைத் தலையோட இருந்தா எவம்மா என்னைக் கட்டிக்கினு போவான்?"

"முடி வளரும். வேல போச்சுன்னா அது வளருமா?"

யோசித்துப் பார்த்தால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கல்யாணமாகாத பெண் மொட்டையடித்துக்கொள்ள எங்கள் பக்கத்தில் கௌரவமான காரணம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அந்தக் காரணத்தைச் சொன்னால் யாரும் மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள். கறுப்புத் துணியில் உதிர்வதற்குத் தலையில் முடியும் இருக்காது, செதிலும் இருக்காது. இவ்வளவு சுலபமான வழியை அந்தச் சார்ட் போட்டவர்களே யோசிக்கவில்லையே என்று எனக்கு ஒரு கர்வம்கூட வந்தது.

கோயிலில் முடி எடுப்பவர் என் தலையில் தண்ணீர் தெளித்து முடியைப் பிரித்ததும் அப்படியே நின்றுவிட்டார். "இன்னாம்மா இது, தலையெல்லாம் கரப்பான் புண்ணு கீது!" என்று பின்னால் வரிசையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"சாமி குடுத்தது. நீ பாட்டுக்கு எடுப்பா" என்றாள் அம்மா.

சாமி கொடுத்ததைச் சாமிக்கே திருப்பிக் கொடுக்கப் போகிறோம் என்று அவர் எடுத்துக்கொண்டார் போல. திட்டு மேடாக இருந்த இடத்திலெல்லாம் கத்தி ஏறி இறங்கியது. அங்கங்கே கீறல் விழுந்து ரத்தம் கசிந்தது. எரிச்சலில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு கடையில் வாங்கிய சந்தனப் பொடியை அம்மா தண்ணீரில் குழைத்துத் தலை முழுக்க அப்பினாள். ஒரு செதில் தெரியவில்லை, ஒரு திட்டு தெரியவில்லை. பாத்திரக்கடைத் தட்டில் என் முகத்தைப் பார்த்தேன். பக்தி வழிகிற ஒரு பெண் அதிலிருந்து என்னைப் பார்த்தாள்.

மறுநாள் கம்பெனி என்னை வரவேற்ற விதத்தைச் சொல்ல வேண்டும். வாட்ச்மேன் எழுந்து நின்றார். மேடம் பூந்தமல்லிப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். என் கையைப் பிடித்துக்கொண்டார். "நானும் வேளாங்கண்ணிக்கு முடி கொடுத்திருக்கேன்மா. உனக்கு என்ன வேண்டுதல்?"

"வேலை பர்மனென்ட் ஆகணும்னு மேடம்" என்றேன். அன்று நான் பேசியதில் அது ஒன்றுதான் முழு உண்மை. மேடத்தின் கண் கலங்கிவிட்டது. என் நகத்தைப் பார்க்காமலே உள்ளே அனுப்பினார்.

குவாலிட்டி சார் என்னைக் கண்டதும் "முருகா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். பக்தி முடிந்ததும் விஞ்ஞானம் வந்தது. மற்றவர்களைப் பார்த்து, "முடியே இல்லைன்னா முடியும் விழாது, பொடுகும் விழாது. இதுதான் ஐடியல் கண்டிஷன்" என்றார். டெஸ்டில் நான் குனிந்தபோது ஈரச் சந்தனத்திலிருந்து ஒன்றும் விழவில்லை. துணி கறுப்பாகவே இருந்தது. சார் அதை எல்லாருக்கும் தூக்கிக் காட்டினார்.

பக்கத்து நாற்காலிக்காரி என் காதருகில் குனிந்தாள். "நீ பாட்டுக்கு போட்டுக்கினு வந்துட்ட. இந்தாளு எங்க எல்லாரையும் வல்லக்கோட்டைக்கு பஸ் ஏத்திடப் போறான்டி" என்றாள். அன்றிலிருந்து என்னை அவள் மொட்டை என்றுதான் கூப்பிட்டாள்.

சந்தனத்துக்கு ஒரு குணம் உண்டு. காயும். ஏ.சி.யில் சீக்கிரமாகவே காயும். தொப்பி உரச உரச உதிரும். இது எனக்கோ அம்மாவுக்கோ தோன்றவில்லை. வெள்ளைத் துகள் விழக் கூடாது என்று தலையையே கொடுத்துவிட்டு, அதன் மேல் மஞ்சள் துகளை அப்பிக்கொண்டு நான் தினமும் கண்ணாடி ரூமுக்குள் போனேன். தினமும் ஏன் பூச வேண்டும்? பூசாவிட்டால் தலை தெரிந்துவிடுமே.

கொஞ்ச நாளில் ரிலேக்குள் மஞ்சள் துகள் என்று ரிப்போர்ட் வந்தது. சார் மீட்டிங் போட்டார். மீட்டிங்கில் எல்லாருடைய கண்ணும் என் தலையில்தான் இருந்தது. வாயைத்தான் யாரும் திறக்கவில்லை. கேன்டீன் சாம்பாரின் மேல் சந்தேகப்பட்டார்கள். யாரோ திருட்டுத்தனமாக மஞ்சள் பூசுகிறார்கள் என்றார்கள். ஜன்னல் பெயின்டைச் சுரண்டிப் பார்த்தார்கள். சார் என் தலையைப் பார்ப்பார், வாயைத் திறப்பார், வேலவன் நினைவு வந்து மூடிக்கொள்வார். பொடுகோடு சண்டை போடத் தெரிந்த மனுஷர், முருகனோடு போட முடியுமா?

சந்தனத்துக்கு அடியில் நடந்ததை நான் மட்டும்தான் அறிவேன். மொட்டை போட்டால் போய்விடும் என்று நினைத்தது, கத்தி கீறிய கோடெல்லாம் பிடித்துக்கொண்டு புதிதாக முளைத்தது. முன்பு திட்டுத் திட்டாக இருந்தது, இப்போது வரி வரியாகவும் வந்தது. இரவெல்லாம் எரியும். காலையில் அதன் மேல் சந்தனத்தைப் பூசும்போது அம்மாவின் முகத்தைப் பார்க்கமாட்டேன். அவளும் என் முகத்தைப் பார்க்கமாட்டாள்.

கடைசியில் மேடம்தான் என்னைத் தனியாகப் பாத்ரூமுக்குக் கூட்டிக்கொண்டு போனார். "சந்தனம் ஒரு நாள் பூசுவாங்க, மிஞ்சினா ரெண்டு நாள். வேளாங்கண்ணியிலயும் அப்படித்தான். நீ இன்னும் பூசிக்கிட்டே இருக்கியேம்மா?" என்று கேட்டார். நான் தொப்பியைக் கழற்றினேன். கைக்குட்டையைக் குழாயில் நனைத்து அவரே துடைத்தார். துடைத்த இடத்தைப் பார்த்ததும் அவர் கை நின்றுவிட்டது. திட்டவில்லை. "எவ்வளவு நாளா இது?" என்றார். எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. வலியைவிட, இனி மறைக்க வேண்டாம் என்ற நிம்மதியில்தான் அதிகம் அழுதேன்.

கம்பெனிக்கு வந்துபோகிற டாக்டர் ஒருவர் இருந்தார். என் தலையைக் காட்டக் குனிந்தேன். அவர் முதலில் என் கைகளை வாங்கி நகங்களைப் பார்த்தார். குழிகளை விரலால் தடவிவிட்டு, அப்புறம்தான் தலைக்கு வந்தார்.

"இது பொடுகு இல்லை. சொரியாசிஸ். மத்தவங்களுக்குத் தோல் அடியில முளைச்சு மேல வந்து உதிர ஏறக்குறைய ஒரு மாசம் ஆகும். உனக்குச் சில நாள்லயே மேல வந்துடுது. பழசு உதிர்றதுக்குள்ள புதுசு வந்து குவியுது, அவ்வளவுதான்."

என் தோல் மட்டும் யாரும் கேட்காமலே ஓ.டி. பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. ப்ரொடக்‌ஷன் இவ்வளவு காட்டியும் பர்மனென்ட் செய்ய ஆளில்லை.

"ஒட்டுமா டாக்டர்?"

"ஒட்டாது. யாருக்கும் ஒட்டாது."

"போயிடுமா?"

"போகும். திரும்ப வரும். போகும். களிம்பு தர்றேன். எண்ணெய் தாராளமா வை. ஆனா இனிமே தலையில கத்தி படக் கூடாது. கீறல் விழுந்த இடத்துலயெல்லாம் இது முளைக்கும்" என்றார். தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "உனக்கு மொட்டை அடிக்கச் சொல்லி எந்தப் புண்ணியவான் சொன்னான்?" என்று கேட்டார். அம்மாவைக் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை. சாமி என்றேன்.

டாக்டர் ஒட்டாது என்று சொல்லிவிட்டதால் என் நாற்காலி பிழைத்தது என்று நினைத்துக்கொண்டு குவாலிட்டி சார் ரூமுக்குப் போனேன். அவர் பெருமூச்சு விட்டார்.

"ஒட்டுதா இல்லையாங்கிறது இல்லம்மா பிரச்சினை. உதிருதே. ரிலேவுக்கு எந்த வியாதின்னு தெரியாதே." பின்னால் சுவரில் காலண்டர் முருகன் சிரித்துக்கொண்டிருந்தார். சார் குரலைத் தாழ்த்தினார். "பொடுகுன்னா ரூல் இருக்கு. தோல் வியாதின்னாலும் ரூல் இருக்கு. வேண்டுதலுக்கு மட்டும் ரூல் கிடையாது. மாசா மாசம் மொட்டை போட்டுக்கிறதா வேண்டுதல்னு நீ சொன்னா, நான் கண்ணை மூடிக்குவேன். சந்தனம் மட்டும் வேணாம். உன் கை வேலை மாதிரி இங்க யாருக்கும் வராது. பர்மனென்ட் லிஸ்ட் இன்னிக்குப் போகணும். உன் பேருக்கு நேரா என்ன எழுதட்டும்?"

அவர் கெட்டவர் இல்லை. அவருக்குத் தெரிந்த நல்லது அதுதான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் நாற்காலி காலியாக இருந்தது, மைக்ராஸ்கோப்பின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வேண்டுதல் என்ற ஒரு வார்த்தை சொன்னால் போதும், அது எனக்கு. மாசா மாசம் கத்தி. கத்தி பட்ட இடமெல்லாம் செதில். செதில் ஏறின தலையை அடுத்த மாசம் மறுபடி கத்தியிடம் கொடுக்க வேண்டும். அந்த நாற்காலியில் உட்காருவதற்காக என் தோலை நானே உரித்துக்கொண்டிருக்க வேண்டும். அவர் முன்னால் நின்றபோதே தலை தீயாய் எரிந்தது. போதும் என்று தோன்றிவிட்டது.

"வியாதின்னே எழுதுங்க சார்" என்றேன்.

எழுதினார். அன்று மத்தியானமே என்னை வைண்டிங் ஷெட்டில் ஃபேனுக்குக் கீழே உட்காரவைத்தார்கள். கான்ட்ராக்ட். அம்மா இரண்டு நாள் பானை சட்டியைத்தான் திட்டினாள். மூன்றாம் நாள், "உண்மைய சொல்லி இன்னாத்த வாரிக்கினு வந்த?" என்று கேட்டாள். நான் வெளியே வந்த பிறகும் ரிலேக்கள் திரும்பி வந்துகொண்டுதான் இருந்தன. அடுத்ததாகப் புருவத்தின் மேல் சந்தேகப்பட்டிருப்பதாகக் கேள்வி.

டாக்டர் ஒட்டாது என்று கம்பெனி பேப்பரிலேயே எழுதிக் கொடுத்திருந்தார். இருந்தாலும் எதற்கும் இருக்கட்டும் என்று கேன்டீனில் எனக்குக் கை கழுவும் இடத்துப் பக்கம் தனி மேஜை போட்டார்கள். மேடம் மேஜையைக் கையால் காட்டிவிட்டு வேகமாகப் போய்விட்டார். அங்கே தனியாக உட்கார்ந்து சாப்பிட்ட நாட்களில் பாதிச் சோற்றை அப்படியே மூடி வீட்டுக்குக் கொண்டுபோனேன். நாற்காலி போனதுகூடப் பரவாயில்லை, இது தாங்கவில்லை. தலையில் முடி முள் முள்ளாக முளைத்திருந்தது. களிம்பின் தார் வாசனை எனக்கே குமட்டியது. தொப்பி போடவும் கூடாது, காற்றுப் பட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் எல்லாம் எல்லாருக்கும் தெரிந்தது.

பர்மனென்ட் லிஸ்ட் ஒட்டிய அன்று கண்ணாடி ரூம் பெண்கள் சிரித்துக்கொண்டே சாப்பிட வந்தார்கள். பக்கத்து நாற்காலிக்காரியின் பெயரும் லிஸ்டில் இருந்தது. அவள் அவர்கள் மேஜையைத் தாண்டி, கேன்டீனின் நடுவே நடந்து வந்து, என் எதிரில் டிபன் பாக்ஸை வைத்து உட்கார்ந்தாள்.

"இங்க உக்காரக் கூடாதுன்னு சொல்லிக்கீறாங்கடி. இன்னிக்குத்தான் பர்மனென்ட் ஆயிக்கீற" என்றேன்.

"எங்கிட்ட எவனும் சொல்லல" என்றாள். டிபனைத் திறந்தபடி, என் நாற்காலிக்கு வந்திருப்பவளைத் திட்ட ஆரம்பித்தாள். இடுக்கியைப் பிடிக்கத் தெரியவில்லையாம், தகட்டையெல்லாம் கோணிவிடுகிறாளாம். பேச்சு நிற்கவேயில்லை. அந்தப் பேச்சின் நடுவிலேயே கையை நீட்டி, என் தோளில் விழுந்திருந்த ஒரு செதிலை இரண்டு விரலால் எடுத்துக் கீழே போட்டாள். கையைத் துடைக்கவில்லை. அதே விரலால் என் டிபனிலிருந்து ஒரு கத்திரிக்காய்த் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"உப்பு கம்மிடி மொட்டை" என்றாள்.